கிளிமூக்கு

போன வாரம் மகன் தன் கணினிப் பெட்டியைத் திறந்தபோது எந்த வாசனையும் வரவில்லை. மதர்போர்டின் நடுவில் ஒரு சின்னப் பட்டை, அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80, ஒரு டெராபைட் மொத்தமும் இதற்குள்தான் என்றான், சாய்வாகச் செருகி, படுக்க அழுத்தி, ஒரே ஒரு ஸ்க்ரூவை முடுக்கி மூடிவிட்டான், வயர் இல்லை, சத்தம் இல்லை, இலை போடாமல் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிய கல்யாண வீடு மாதிரி இருந்தது எனக்கு.

பெட்டி திறந்தால் சூடேறிய தூசியின் வாசனை வர வேண்டும். 2001இல் சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய ஒரு மாடியறையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளை டைப் அடித்துக்கொடுக்கும் டிடிபி கடையில் நான் வேலை பார்த்தேன், மத்தியானமானால் கீழேயிருந்து கத்தரிக்காய் கொத்சு வாசனை ஏறி வந்து அந்தத் தூசியோடு கலந்துகொள்ளும். முதலாளி பழைய டைப்ரைட்டிங் வாத்தியார், பெட்டிக்குள் கை விடும் முன்பு ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுக்கொள்வார், பார்க்கச் சாமி கும்பிடுவது போலிருக்கும், உடம்பிலிருக்கிற கரண்ட் இறங்கட்டும் தம்பி என்பார். பிறகு அந்தத் தட்டையான சாம்பல் நிற ரிப்பன் கேபிளை வேட்டிக் கரையை நீவுவது போல நீவிவிட்டு, ஓரத்துச் சிவப்புக் கோடு முதல் பின் பக்கம் இருக்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார். நாற்பது பின், நீல முனை போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவிலிருக்கிற சாம்பல் முனை ஸ்லேவுக்கு, நீளம் பதினெட்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஒரே கேபிளில் இரண்டு டிரைவ் என்பதால், ஹார்ட் டிஸ்க்கின் முதுகில் அரிசி அளவு ஜம்பரை இடம் மாற்றிக் குத்தி யார் பெரியவர் என்று சொல்லிவைக்க வேண்டும், இரண்டையும் மாஸ்டராக வைத்துவிட்டால் பெரும்பாலும் இரண்டுமே கண்ணில் படாது, ஒரு வீட்டில் ரெண்டு மாமியார் ஆகாதுப்பா என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார்.

அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கடலூர் ஓ.டி. வீடும் தாத்தாவின் சுவடிக் கயிறும்தான் ஞாபகம் வரும். உப்பங்காற்றும் கருவாட்டு வாசனையும் சுவரிலேயே ஊறிய வீடு அது, தாத்தா வைத்தியர், சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் திண்ணை வெயிலில் பாயை விரித்து, தன் அப்பாவின் வைத்தியச் சுவடிகளை அவிழ்ப்பார். ஓலையில் இரண்டு துளை, ஒன்றில் கயிறு, இன்னொன்றில் நாராசம் என்கிற கம்பி, கயிற்றின் நுனியில் உருவிக்கொண்டு போகாதபடி ஓலையிலேயே நறுக்கிக் கட்டிய கிளிமூக்கு. எண்ணெயில் குழைத்த விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால்தான் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியும், அது வரைக்கும் வெறும் ஓலைதான். அவிழ்க்கிறது சுலபம்டா, வரிசை மாறாம கோக்கிறதுதான் வித்தை என்பார். சிதம்பரம் கோயிலில் பூட்டிக்கிடந்த அறையை ராஜராஜன் திறக்கவைத்தபோது தேவார ஏடுகளைச் செல் அரித்திருந்த கதையையும் அப்போதுதான் சொல்வார், நம்பியாண்டார் நம்பி எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்ததைச் சொல்லும்போது தன் எண்ணெய்க் கிண்ணத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

டிடிபி காலத்து ஹார்ட் டிஸ்க் ஒன்று பீரோவில் கிடந்தது, அதை எடுத்துக் கொடுத்தேன். நாற்பது பின்னைச் செருக இந்த போர்டில் இடமே இல்லை என்றான் மகன், 2003 வாக்கில் சாட்டா வந்தது, ஏழே ஏழு தொடுமுனை, தலைகீழாகச் செருக முடியாதபடி எல் வடிவ வாய், ஒரு டிரைவுக்கு ஒரு வயர், மாமியார் சண்டைக்கு வழியே இல்லை, இப்போது அந்த வயரையும் விட்டாயிற்று. கடைசியில் கடலூரில் ஒரு கடையில் யுஎஸ்பி அடாப்டர் கிடைத்தது. சிவப்புக் கோடு இல்லை, ஆனால் ஜம்பரை மட்டும் நானே மாஸ்டரில் குத்தினேன், கம்பியைத் தொட்டுக்கொண்டுதான்.

ர்ர்ர் என்று சுழல ஆரம்பித்து, கோப்புகள் வரிசை மாறாமல் வந்தன. ஒன்றைத் திறந்தால் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள், யூனிகோடு புழக்கத்துக்கு வராத காலத்துத் தமிழ் ஃபான்ட், இந்தக் கணினியில் அது கிடையாது, கரி தடவாத ஓலை. மகன் அந்த ஃபான்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறான், நான் டிஸ்க்கின் மேல் மூன்று விரலை வைத்து, தாத்தா நாடி பார்க்கிற மாதிரி, அதன் சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.