எனக்காகவும் கேட்கலாமா?



ஜெபக் கூட்டங்களில் விண்ணப்பங்களைச் சொல்லும் வேளையில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பிள்ளைகளின் தேர்வுக்காக, அடுத்த வீட்டாரின் அறுவை சிகிச்சைக்காக, மிஷனெரிகளின் ஊழியத்துக்காகத் தவறாமல் ஜெபிக்கக் கேட்கும் சிலர், "உங்களுக்கு ஏதாவது உண்டா?" என்றவுடன், "எனக்கென்ன ஐயா, ஒன்றுமில்லை" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அடகில் இருக்கும் நகையும், உறக்கமில்லாத இரவும், ஒருவருக்கும் சொல்லாத உடல் வலியும் அவர்கள் உள்ளத்திலேயே தங்கிவிடுகின்றன. தனக்காகக் கேட்பது சுயநலம் என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

வேதம் இந்த எண்ணத்தை ஆதரிக்கிறதா? மத்தேயு 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நாம் கேட்பதற்கு முன்பே நம் தேவைகளைப் பிதா அறிந்திருக்கிறார் என்று 8ஆம் வசனத்தில் ஆண்டவர் சொல்கிறார். ஆனால் 11ஆம் வசனத்தில், அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்கும்படி அவரே கற்றுக்கொடுக்கிறார். பிதா அறிந்திருக்கிறார் என்பது நாம் மௌனமாயிருப்பதற்குக் காரணமன்று. தைரியமாய்க் கேட்பதற்கே அது ஆதாரம்.

எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயுவை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் குருடன் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்டார். தகவல் அறிய அல்ல, அவனுடைய வாயிலிருந்தே அந்தத் தேவையைக் கேட்க விரும்பினார். கூட்டத்தாரோ பேசாதிருக்கும்படி அவனை அதட்டினார்கள். அதே அதட்டல் சில நேரம் நம் உள்ளத்துக்குள்ளிருந்தும் எழும்புகிறது. ஆனால் ஆண்டவர் அந்தச் சத்தத்துக்குச் செவிகொடுக்கவில்லை. நின்று, அவனை அழைத்தார்.

'வேண்டும்' என்றால் தேவை. 'வேண்டுதல்' என்றால் ஜெபம். நம் தமிழில் இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. தேவையுள்ளவனே ஜெபிக்கிறவன். 1529இல் வெளியான தமது சிறிய ஞானோபதேசத்தில் மார்ட்டின் லுத்தர், அன்றாட ஆகாரம் என்பதற்குள் உணவையும் உடையையும் மட்டுமல்ல, காலணி, வீடு, நிலம், ஏற்ற வானிலை, நல்ல அயலார் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணுகிறார். பிதாவிடம் கொண்டுபோக முடியாத அளவுக்கு அற்பமான தேவை என்று எதுவும் இல்லை.

ஆனாலும் எல்லாக் கேள்விக்கும் நாம் எண்ணும் விதமாகவே பதில் வருவதில்லை. தம் மாம்சத்திலிருந்த முள்ளுக்காகப் பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டார்; முள் நீங்கவில்லை, கிருபை கொடுக்கப்பட்டது. கெத்செமனேயில் குமாரனே பாத்திரம் நீங்கும்படி கேட்டார். கேட்டபின் பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். விரும்பியதை மறைத்துக்கொண்டு "உமது சித்தம்" என்று சொல்வது ஒப்புக்கொடுத்தல் ஆகாது. முதலில் உள்ளதைச் சொல்லவேண்டும். பின்பே அதை அவர் கையில் விடமுடியும்.

அன்னாளின் ஜெபத்தில் இதைக் காணலாம். சீலோவிலே அவள் மனங்கசந்து அழுதாள். உதடுகள் மட்டும் அசைந்ததால், ஆசாரியனாகிய ஏலி அவள் வெறித்திருக்கிறாள் என்று எண்ணினான். ஆயினும் அவள் எழுந்து போனபோது அவள் முகம் பிறகு துக்கமுகமாயிருக்கவில்லை. அந்நாளில் சாமுவேல் இன்னும் கருவிலும் உருவாகவில்லை என்பதைக் கவனியுங்கள். பதில் வருமுன்னே பாரம் இறங்கிவிட்டது.

ஒரு எச்சரிப்பும் உண்டு. இச்சைகளை நிறைவேற்றும்படி தகாதவிதமாய் விண்ணப்பம்பண்ணுவதை யாக்கோபு கண்டிக்கிறார். தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், அளவான ஆகாரம் போதும் என்று நீதிமொழிகள் 30இல் ஆகூர் கேட்டது நமக்கு நல்ல அளவுகோல். மேலும், ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் 'எனக்கு' என்ற சொல் இல்லை, 'எங்களுக்கு' என்றே இருக்கிறது. உங்கள் வாடகைக்காக ஜெபிக்கும்போது, வாடகை கொடுக்க முடியாத இன்னொரு குடும்பத்தையும் சேர்த்து நினையுங்கள். அப்பொழுது அந்த விண்ணப்பம் சுயநலமாகாது.

பிரியமானவர்களே, மற்றவர்களுக்காக நீங்கள் ஏறெடுக்கும் ஜெபங்கள் அருமையானவை; அவற்றைக் குறைத்துக்கொள்ளாதிருங்கள். ஆனால் இந்த வாரத்தில் ஒரு நாளாவது, இதுவரை ஒருவரிடமும் சொல்லாத உங்கள் தேவை ஒன்றைப் பெயர் சொல்லி அவரிடம் வையுங்கள். அழகான வார்த்தைகள் தேவையில்லை.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் தேவைகளை எங்களைவிட நன்றாய் அறிந்திருக்கிறீர். வெட்கமின்றி உம்மிடம் கேட்கவும், நீர் தருவதில் திருப்தியாயிருக்கவும், பெற்றதைப் பிறரோடு பகிரவும் எங்களுக்கு உதவிசெய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.