அரிசோனாவில் ஒரு குறிசூட்டுக் களம்

பிறநாடு செல்வோர் அங்குள்ள மாடமாளிகைகளையும் மலையருவிகளையும் கண்டு மீள்வது வழக்கம். அந்நாட்டுக் குடும்பங்கள் ஓய்வு நாளை எவ்வாறு கழிக்கின்றன என்பதைக் காணும் வாய்ப்போ அரிதாகவே கிட்டும். சென்ற மார்கழி விடுமுறையில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திற் குடியேறியுள்ள எம் அக்காள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தபோது அத்தகைய வாய்ப்பொன்று எமக்குக் கிட்டியது. ஆயின், அஃது யாம் விரும்பித் தேடிய வாய்ப்பன்று.

சனிக்கிழமை காலை அத்தான் பூட்டிய சிறு பெட்டியொன்றைக் காரின் பின்புறத்தில் வைத்தார். "மகளுக்கு வாக்குக் குடுத்திட்டன், தம்பி. நீரும் மருமகனைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார். மகளுக்குப் பதினைந்து வயது. எம் மகனுக்குப் பதினான்கு. பெட்டிக்குள் இருப்பது கைத்துப்பாக்கி என்று அறிந்தபோது எமக்கு உண்டான தயக்கத்தை வெளிக்காட்டாது வண்டியில் ஏறினோம்.

பீனிக்ஸ் நகரிலிருந்து வடக்கே செல்லும் 17ஆம் இலக்கப் பெருந்தெருவின் இருமருங்கும் பாலைநிலம். எம்மூர் நாகதாளிக்கு இனமான சகுவாரோக் கள்ளிகள் பனைபோல் ஓங்கி நின்றன. அக்கள்ளி முதற்கிளை விடுவதற்கே ஐம்பது ஆண்டுகளுக்கு மேற் செல்லுமாம். 'கவலையிலி' என்று பொருள்படும் பெயருடைய நெடுஞ்சாலையொன்று குறுக்கிடும் இடத்திற் பென் ஏவரி சூட்டுக் களம் உள்ளது. பத்திரிகையாளர் ஒருவரின் பெயரால் வழங்கும் இக்களம் 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையது. மாநில அரசின் வேட்டை, மீன்வளத் திணைக்களத்தால் நடத்தப்படுவது. நீண்ட கூரையின்கீழ் மேசைகள் வரிசையாக இருந்தன. எதிரே கடதாசி இலக்குகள். அவற்றுக்கு அப்பால் உயர்ந்த மண் அணை. பாட்டனும் பேத்தியும், கணவனும் மனைவியுமாகப் பலர், எம்மவர் கடற்கரைக்குப் போவதுபோல் உணவுப் பொதிகளுடன் வந்திருந்தனர்.

அத்தான் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது ஹெரிற்றேஜ் றஃப் றைடர் என்னும் றிவோல்வர். சுழலும் உருளையில் ஆறு தோட்டா கொள்வது. ஜோர்ஜியா மாநிலத்திற் செய்யப்படுவது. அதன் சாதாரண வகை பெரும்பாலும் 200 டொலருக்குள் அடங்கும். தோட்டா ஒன்று ஏறக்குறையப் பத்துச் சதம். பெரிய கைத்துப்பாக்கிக்குரிய தோட்டாவின் விலையோ அதைப்போல் இருமடங்கு, மும்மடங்கு. சிறு வருவாயுடைய குடும்பங்கள் இதனை நாடுவதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு முறையும் பின்னுள்ள சுத்தியலைப் பெருவிரலால் இழுத்த பின்னரே சுடவியலும். தோட்டாக்களை ஒவ்வொன்றாக இட்டு, வெறுங்கூடுகளை ஒவ்வொன்றாகவே தள்ளி வெளியேற்ற வேண்டும். "ஆறுதலாகச் சுடப் பழக்கிறதுக்கு இதுதான் நல்லது" என்றார் அத்தான்.

இத்தகைய தோட்டாவில், தீப்பற்றும் மருந்து அடிப்புறத்து விளிம்பினுள்ளே பொதிந்திருக்கும். சுத்தியல் அவ்விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றி, வெடிமருந்தை எரித்துச் சன்னத்தை உந்தும். 1845 அளவிற் பிரான்சு நாட்டு ஃபுளோபேர் என்பவர் வீட்டுக் கூடத்திற் குறிபார்த்து விளையாடுவதற்கென்று செய்த சிறு தோட்டாவே இதன் மூலம். 1857இல் அமெரிக்காவின் சிமித் அன்ட் வெசன் நிறுவனத்தார் இவ்வகைத் தோட்டாவுக்கேற்ற றிவோல்வரை வெளியிட்டனர். இன்று வழங்கும் நீளமான தோட்டா 1887இல் வந்தது. அதன் சன்னத்தின் எடை இரண்டரைக் கிராம் அளவே. ஆயினும் அது ஏறத்தாழ ஒரு மைல் செல்ல வல்லது.

சுடுமுன் அத்தான் மகளிடம் நான்கு விதிகளைக் கேட்டார். அவள் வாய்பாடு போல் ஒப்புவித்தாள்: எத்துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதுக, அழிக்க விரும்பாத எதன்மீதும் அதன் வாயைத் திருப்பற்க, குறி பார்த்து முடியும்வரை விசையில் விரல் வையற்க, இலக்கையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிந்து சுடுக. இவ்விதிகளை இவ்வாறு வகுத்துப் பரப்பியவர், 1976இல் இதே மாநிலத்துப் போல்டன் என்னும் ஊரிற் பயிற்சிக் கூடம் நிறுவிய ஜெஃப் கூப்பர். களத்திலும் ஒழுங்கு கடுமையாக இருந்தது. ஒலிபெருக்கியில் 'நிறுத்துக' என்ற ஆணை பிறந்ததும் அனைவரும் துப்பாக்கியை வெறுமையாக்கி வைத்துக் கோட்டுக்குப் பின்னே வந்தனர். இலக்கை மாற்றுவோர் முன்னே சென்று திரும்பும்வரை ஒருவரும் துப்பாக்கியைத் தொடவில்லை.

எல்லோரும் காதடைப்பும் கண்ணாடியும் அணிந்தோம். மருமகள் முதல் வெடியைத் தீர்த்தாள். சுள்ளி முறிவது போன்ற சிற்றொலிதான். ஆயினும் எம் கை எம்மை அறியாமலே மகனின் தோளை இறுகப் பற்றியிருந்தது. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்களோடு மக்களாக யாம் யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்தபோது எமக்கு இவன் வயதுதான்.

"அப்பா, நானும் ஒருக்கால் சுட்டுப் பார்க்கட்டே?" என்றான் மகன்.

வருகை விசாவில் வந்தோர் துப்பாக்கியைக் கையாளுதல் ஆகாதென்பது அந்நாட்டுச் சட்டம். அத்தான் அதனைச் சொன்னபோது எமக்கு நிம்மதியாயிற்று. ஆனால், வேட்டை அனுமதிச்சீட்டுப் பெற்றவர்க்கு விலக்கு உண்டு என்றும் அவர் சொல்லவே, மகன் மீண்டும் எம் முகத்தை நோக்கினான். இனிச் சட்டத்தின் பின்னே ஒளிய இயலாது. "வேண்டாம்" என்றோம். காரணம் சொல்லவில்லை. அவன் தலைகுனிந்து, மச்சாளின் இலக்கிலுள்ள துளைகளை எண்ணுவதில் ஈடுபட்டான். ஆறில் நான்கு கறுப்பு வட்டத்துள் இருந்தன.

வீடு திரும்புமுன் எல்லோரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவினோம்; சன்னத்தின் ஈயத் துகள் உடலுக்குத் தீங்கு. பெட்டி மீண்டும் பூட்டப்பட்டது. அந்நாட்டில் 2021இல் மட்டும் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பூட்டின் அருமை அதனால் விளங்கும். 1968இல் றொபேட் கென்னடியின் உயிரைக் குடித்ததும், 1981இல் ஜனாதிபதி றேகனைச் சாவின் விளிம்புவரை கொண்டுசென்றதும் இதே சிறு தோட்டா கொள்ளும் மலிவான றிவோல்வர்களே. கூடத்து விளையாட்டுக்கெனப் பிறந்த பொருள் வரலாற்றையும் திருப்பியிருக்கிறது.

வண்டியில் மகன் கேட்டான்: "அப்பா, நீங்கள் என்ர வயசில துவக்கைத் தொட்டனீங்களோ?"

"இல்லை. என்னோட ஒரே வாங்கில இருந்து படிச்சவை சிலபேர் தொட்டவை. அவை திரும்பி வரேல்லை" என்றோம். அதன்பின் நெடுநேரம் எவரும் பேசவில்லை. அன்றிரவு அவன் எம்மருகில் வந்தமர்ந்து அவர்களுடைய பெயர்களைக் கேட்டான். ஒவ்வொன்றாகச் சொன்னோம்.

அத்தானின் விளையாட்டு எமக்கு உவப்பாகவில்லை, இன்றும் அவ்வாறே. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அபாயமான ஒரு பொருளைப்பற்றி அவர் தம் மகளுக்கு முற்றாக எடுத்துரைத்திருந்தார். யாமோ பதினான்கு ஆண்டுகளாக எம் மகனுக்குத் தொடாதே என்று மட்டுமே சொல்லி, ஏன் என்பதை மறைத்து வந்தோம். மௌனத்தையும் ஒரு கல்வியென்று எண்ணியிருந்தது எம் பிழை. ஊர் திரும்பியபின், மாலை வேளைகளில், அவன் கேட்பவற்றுக்கு இயன்றவரை விடை சொல்லி வருகின்றோம்.