மணியோசையும் கதவொலியும்

மணியோசையை இறைவனின் குரலாக மதிக்க வேண்டும் என்று குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். எழுவது, தியானிப்பது, உண்பது, உறங்குவது அனைத்தும் மணிக்குக் கட்டுப்பட்டவை. எழுதிக்கொண்டிருக்கும் சொல்லைக்கூடப் பாதியில் விட்டு எழுந்துவிடுவோம். அந்தப் பழக்கம் எனக்குச் செய்த நன்மை பெரிது; ஒருமுறை அதன் பெயரால் நான் செய்த பிழையும் பெரிது.

2001ஆம் ஆண்டு. ஒரு சிற்றூரின் பங்குத்தந்தையாய் இருந்தேன். காலை 5.30க்கு முதல் மணி அடித்துவிட்டது. ஆறு மணித் திருப்பலிக்குப் புறப்பட்டபோது கதவு தட்டப்பட்டது. கிளைக்கிராமத்து இளைஞர் ஒருவர் நின்றிருந்தார்.

"சாமி, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. எண்ணெய் பூச வரணும்."

"பூசை முடிஞ்சதும் வந்துடறேன் தம்பி" என்றேன்.

அன்று கோவிலில் இருந்தோர் ஏழெட்டுப் பேர். சொல்லியிருந்தால் செபமாலை சொல்லிக் காத்திருப்பார்கள். நானோ நேரம் தவறக் கூடாது என்று எண்ணினேன். திருப்பலி முடித்து நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாய் இறந்திருந்தார். திருஎண்ணெய்ச் சிமிழ் என் சட்டைப்பையிலேயே இருந்தது. இறந்தோருக்கான செபத்தைச் சொன்னேன். மகன் கோபப்படவில்லை. "நீங்க வருவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க சாமி" என்றார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அடக்கம் முடிந்த பின் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இனி மணிக்கு அடிமையாக இருக்கமாட்டேன்" என்றும் சொன்னேன். அவர் வியப்புடன் என்னைப் பார்த்து, "மணிச் சத்தம் கேட்டுத்தான சாமி, நீங்க எந்திரிச்சிருப்பீங்கன்னு ஓடியாந்தேன்" என்றார்.

குருமடத்தில் கற்ற இறையியலுக்கு அந்த ஏழை மகன் தந்த விளக்கவுரை அது. குற்றம் மணியின்மேல் இல்லை. நாள்தோறும் தவறாமல் ஒலித்ததால்தான் அது ஆபத்தில் இருந்தவருக்கு வழிகாட்டியது. வழியாக இருந்த ஒழுங்கை நான்தான் சுவராக்கிவிட்டேன்.

நம் திருவழிபாட்டு நாள்காட்டியும் இதைத்தான் கற்பிக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழா டிசம்பர் 25ஐ விட்டு அசைவதில்லை. உயிர்ப்பு விழாவோ மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை இடம் மாறுகிறது. 2008இல் மார்ச் 23 அன்று வந்தது. 2011இல் ஏப்ரல் 24 அன்று வந்தது. சாம்பல் புதனும் தூய ஆவி பெருவிழாவும் அதனோடு சேர்ந்தே நகர்கின்றன. அசையாததும் அசைவதும் ஒரே ஆண்டுக்குள் அமைதியாய் வாழ்கின்றன.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் யாயிரின் வீட்டுக்கு விரைகிறார். பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். வழியிலோ, பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அவர் நிற்கிறார், அவளைத் தேடுகிறார், அவள் சொல்வதைக் கேட்கிறார். அதற்குள் சிறுமியின் சாவுச் செய்தி வந்துவிடுகிறது. ஆயினும் அவர் தம் பயணத்தைக் கைவிடவில்லை. நின்றவரும் அவரே, போய்ச் சேர்ந்தவரும் அவரே.

அன்புள்ளவர்களே, உங்கள் வீட்டு மாலைச் செபத்தைக் காலந்தவறாது சொல்லுங்கள். அந்த வேளையில் ஒருவர் துயரத்தோடு வாசலில் வந்து நின்றால், செபம் தடைப்பட்டதாக எண்ணாதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் நேரமறிந்தே அவர் வந்திருக்கக்கூடும்.

இன்றும் காலை 5.30க்கு எங்கள் கோவில் மணி ஒலிக்கிறது. அது ஓய்ந்ததும் ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டே திருவுடை அணியச் செல்கிறேன்.