ஒற்றை ஸ்டம்ப்

பாயின்ட்டில் நிற்பவருக்கு மூன்று ஸ்டம்ப் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பவுலர் பக்கமிருந்து பார்த்தால் 9 அங்குல அகலம். நேர் பக்கவாட்டில் போய் நின்றால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்துகொள்ளும். கண்ணுக்கு மிஞ்சுவது ஒன்றரை அங்குலத்துக்குள்தான். அதனால்தான் பயிற்சிக்கு நான் ஒரே ஒரு ஸ்டம்பை நட்டுக்கொள்கிறேன்.

கையை மட்டும் நம்பி எறிபவர்கள் தோள்வலியோடு வீடு திரும்புவார்கள். த்ரோ பிறப்பது காலில். எங்கள் ஊர் மைதானங்களில் புல்லைவிட மண் அதிகம், பந்து எப்போது எகிறும் என்று சொல்ல முடியாது. இடுப்பை இறக்கி, தலையைப் பந்துக்கு மேலே கொண்டுவந்து, வலது பாதத்தருகே எடுக்க வேண்டும். எடுத்ததும் ஒரு சின்னத் துள்ளல். இடது தோளும் இடது காலும் ஸ்டம்பைப் பார்த்துத் திரும்பிவிடும். அதற்குள் விரல்கள் தையலுக்குக் குறுக்கே அமர்ந்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்து விட்டால் பந்து பின்னோக்கிச் சுழன்றபடி நேராகப் போகும். கோணலாகப் பிடித்தால் காற்றிலேயே விலகும். பார்க்காமலே தையலைத் தேடிப் பிடிக்க, டிவி முன்னால் உட்கார்ந்தும் பழகலாம். வீட்டில் திட்டு விழும், அது வேறு.

தென்னாப்பிரிக்காவின் காலின் பிளாண்ட் இப்படி ஸ்டம்பைக் குறிபார்த்து எறிந்தே பழகியவர். 1965 லார்ட்ஸ் டெஸ்டில் பாரிங்டனும் பார்க்ஸும் அவருடைய எறியில் ரன் அவுட் ஆனார்கள். ஆனால் நம் பையன்களுக்குத் தெரிந்ததெல்லாம் 1992 உலகக் கோப்பையில், பிரிஸ்பேனில், ஜான்டி ரோட்ஸ் இன்சமாமை அவுட்டாக்கிய பாய்ச்சல். அதில் ரோட்ஸ் பந்தை எறியவே இல்லை! பாயின்ட் பக்கமிருந்து ஓடிவந்து, பந்தும் கையுமாக ஸ்டம்புகளின் மேல் விழுந்தார். அந்தக் கோணத்தில் எவ்வளவு ஸ்டம்ப் தெரியும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? எப்போது எறியக் கூடாது என்பதையும் பழகத்தான் வேண்டும். அந்தப் பாய்ச்சலைக் காப்பியடித்து முழங்கையைத் தேய்த்துக்கொள்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அகாடமிகளில் பேட்டிங் நெட்ஸ் முடிந்து வெளிச்சம் மங்கிய பிறகுதான் ஃபீல்டிங் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, கேட்ச்சுக்கும் த்ரோவுக்கும் கண் புதிதாக இருக்க வேண்டும், அதனால் முதலில் வையுங்கள். களைத்த பிறகு வேண்டுமானால் தூர எறிகளை விட்டுவிட்டு, கீப்பருக்கு ஒரு பவுன்ஸில் பெயில்ஸ் உயரத்துக்குப் போய்ச் சேரும் த்ரோவைப் பழகலாம். எதிர்ப்பக்கம் பேக்-அப்புக்கு ஆள் நிறுத்த மறந்தால் பந்து பொறுக்கவே நேரம் போய்விடும்.