ஒரு துளி இரத்தமும் ஓர் அமானிதமும்



இளம் வயதிலேயே பெரும் தொழில் நிறுவனங்களைத் தோற்றுவித்துக் கோடி கோடியாகப் பொருளீட்டியவர்களின் வரலாறுகள் இன்று வீடுதோறும் பேசப்படுகின்றன. படிப்பைப் பாதியில் விட்டவர், இருபது வயதுக்குள் நிறுவனம் கண்டவர், முப்பது வயதில் உலகச் செல்வந்தர் வரிசையில் இடம்பெற்றவர் என்றெல்லாம் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லி, நீயும் அவ்வாறு ஆக வேண்டும் என்கிறோம். அத்தகையோருள் ஒருவரது வரலாற்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவருக்கும் அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். கல்லூரியில் வரலாறு படித்த பழக்கம், எந்தச் செய்தியையும் பாதியில் விட மனம் ஒப்புவதில்லை. வேறொரு காரணமும் உண்டு. அதைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

எலிசபெத் ஹோம்ஸ் என்னும் அப்பெண்மணி 1984ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிறந்தார். கலிபோர்னியாவிலுள்ள புகழ்பெற்ற ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பயிலச் சேர்ந்தார். 2003ஆம் ஆண்டு, தமது பத்தொன்பதாம் வயதில், 'தெரனோஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்; படிப்பையும் விட்டு விலகினார். அவர் கண்ட கனவு அழகானது. கை நரம்பில் ஊசி செலுத்திக் குப்பி குப்பியாக இரத்தம் எடுக்க வேண்டியதில்லை, விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஓரிரு துளிகளைக் கொண்டே நூற்றுக்கணக்கான சோதனைகளைச் செய்துவிடலாம், அதற்கென ஒரு சிறு கருவி, செலவும் குறைவு. ஊசியைக் கண்டு அஞ்சாதவர் யார்? கேட்டவரெல்லாம் வியந்தனர்.

பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. முதலீட்டாளர்கள் 70 கோடி டாலருக்கும் மேல் தந்தனர். முன்னாள் வெளியுறவுச் செயலாளர்களான ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிஸிஞ்சர் போன்றோர் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அமர்ந்தனர். 2013ஆம் ஆண்டு 'வால்கிரீன்ஸ்' என்னும் மருந்துக் கடைகளில் பொதுமக்களுக்கான சோதனை தொடங்கியது. 2014ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது. அதில் பாதி ஹோம்ஸுக்கு உரியது. ஏடுகள் அவரது படத்தை அட்டையில் வெளியிட்டு மகிழ்ந்தன.

இப்போது அக்கருவியின் உள்ளே சற்று நோக்குவோம். 'எடிசன்' என்று பெயரிடப்பட்ட அக்கருவியால் ஏறத்தாழ ஒரு டஜன் சோதனைகளை மட்டுமே செய்ய முடிந்தது. ஏனையவற்றைப் பிற நிறுவனங்களின் வழக்கமான இயந்திரங்களிலேயே செய்தனர். அவ்வியந்திரங்களோ கூடுதல் அளவு இரத்தத்தை எதிர்பார்ப்பவை. எனவே விரல் நுனித் துளியை நீர்த்துப் போகச் செய்து அவற்றில் செலுத்தினர். விரலை அழுத்திப் பிழிந்தெடுக்கும் இரத்தத்தில் திசு நீரும் கலக்கும், செல்கள் உடையும், உடைந்த செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும். அதனால் உடலில் இல்லாத பொட்டாசியம் தாளில் ஏறிவிடும். தாளை நம்பும் மருத்துவர், இல்லாத நோய்க்கு மருந்து தேட நேரும்.

முன்னர்க் குறிப்பிட்ட காரணத்தை இங்கே கூறுகிறேன். என் தாயார் பல ஆண்டுகளாக நீரிழிவால் வருந்துபவர். எழுதப் படிக்க அறியாதவர். சோதனைச் சாலையிலிருந்து சீட்டு வந்தவுடன், "சீனி எவ்வளவு இருக்கு வாப்பா?" என்று என்னிடம் கேட்பார். நான் எண்ணைச் சொல்வேன். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு கேள்வியும் எழாது. மருத்துவர் அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். அந்த எண்ணை எழுதியவர் யார், எந்த இயந்திரம் அதைச் சொன்னது, அந்த இயந்திரத்தை இன்று யாரேனும் சரிபார்த்தார்களா என்பதை என் தாயாரும் அறியார், நானும் அறியேன். அறியாத ஒருவர்பால் நாம் ஒப்படைத்திருக்கும் நம்பிக்கை அது. அமானிதம் என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தெரனோஸில் அந்த அமானிதம் என்ன ஆயிற்று? சோதனைச் சாலைகளில் ஒரு நியதி உண்டு. விடை முன்னரே தெரிந்த மாதிரியை இயந்திரத்தில் இட்டுப் பார்ப்பார்கள். கடைக்காரர் தராசில் பொருளை நிறுக்குமுன் படிக்கல்லைச் சோதிப்பது போன்றது இது. இயந்திரம் தவறான விடை கூறினால், அதைச் சரிசெய்யும் வரை நோயாளிகளின் இரத்தத்தைச் சோதிக்கலாகாது. அங்கோ அச்சோதனையில் கருவிகள் அடிக்கடி தோற்றன. ஒத்துவராத எண்களை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் கொண்டு சரி என்று கணக்குக் காட்டினர்.

இதைக் கண்டு மனம் பொறாதவர்கள் இருவர். ஒருவர், கல்லூரி முடித்து அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த எரிக்கா சியுங் என்னும் இளம்பெண். மற்றவர் டைலர் ஷுல்ட்ஸ். இயக்குநர் குழுவில் வீற்றிருந்த அதே ஜார்ஜ் ஷுல்ட்ஸின் பேரன். இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். டைலர் தம் ஐயங்களை ஹோம்ஸுக்கே எழுதினார். கிடைத்த பதில் ஏளனம். பாட்டனாரிடம் முறையிட்டார், அவர் பேரனை நம்பவில்லை, ஹோம்ஸை நம்பினார். 2014ஆம் ஆண்டு இருவரும் வேலையைத் துறந்தனர். 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளேட்டின் செய்தியாளர் ஜான் கேரிரூ உண்மையைத் தேடிப் புறப்பட்டபோது அவருக்குத் துணை நின்றனர். எரிக்கா அரசின் கண்காணிப்புத் துறைக்கும் எழுதினார். நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் அச்சுறுத்தினர். மகனைக் காக்க டைலரின் பெற்றோர் 4 லட்சம் டாலருக்கும் மேல் செலவிட நேர்ந்தது. ஆயினும் அந்த இளைஞர் தம் சொல்லைத் திரும்பப் பெறவில்லை.

2015ஆம் ஆண்டு அக்டோபரில் செய்தி வெளியாயிற்று. 2016ஆம் ஆண்டு, எடிசன் கருவி இரண்டு ஆண்டுகளில் தந்த முடிவுகள் அனைத்தும் செல்லாதவை என்று நிறுவனமே அறிவிக்க வேண்டியதாயிற்று. 450 கோடி டாலர் என்று எழுதப்பட்ட ஹோம்ஸின் சொத்து மதிப்பை, அதே ஏடு சுழியம் என்று திருத்தி எழுதியது. 2018ஆம் ஆண்டு நிறுவனம் கலைந்தது. மருந்து நிறுவனங்களின் இலச்சினைகளைத் தம் அறிக்கைகளில் தாமே பதித்து அனுப்பியதை ஹோம்ஸ் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. நவம்பரில் 11 ஆண்டு 3 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு மே 30 அன்று டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஒரு சிறைக்குள் சென்றார்.

அவ்வழக்கில் சாட்சி சொன்ன ஒரு தாயை இங்கே நினைத்துப் பாருங்கள். முன்னரே கருச்சிதைவுகளால் துயருற்றிருந்த அவரிடம், தெரனோஸ் தந்த தாள் வயிற்றிலுள்ள குழந்தை நிலைக்காது என்று கூறியது. அக்குழந்தையோ நலமாகப் பிறந்தது! ஆயினும், நிரூபணமான அந்த நான்கு குற்றங்களும் முதலீட்டாளர்களை ஏமாற்றியவை. நோயாளிகளை ஏமாற்றியதாகச் சாட்டப்பட்டவற்றில் ஹோம்ஸ் குற்றவாளி அல்லர் என்றே நடுவர் குழு கூறியது. பணம் இழந்த செல்வந்தருக்குக் கிடைத்த நீதி, உறக்கம் இழந்த அத்தாய்க்கு அந்த மன்றத்தில் கிடைக்கவில்லை.

வாசகர்களே! இளமையில் தொழில் தொடங்குவது தவறன்று; பெரிதாகக் கனவு காண்பதும் தவறன்று. கருவி இன்னும் ஆயத்தமாகவில்லை என்று ஹோம்ஸ் ஒருநாள் உண்மை பேசியிருந்தால், தோற்றுப்போன ஆய்வாளர் என்ற பெயரோடு நின்றிருப்பார். அப்பெயரில் இழிவு ஏதுமில்லை. ஆய்வு இல்லாத இடத்தைப் பெரியோர்களின் பெயர்கள் நிரப்பியதும், கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் இருந்ததுமே இத்தனை தூரம் கொண்டு வந்தன.

இனி நம் பிள்ளைகளுக்கு இளம் சாதனையாளர் கதைகளைச் சொல்லும்போது, எரிக்காவையும் டைலரையும் சேர்த்தே சொல்வோம். உங்கள் மகனோ மகளோ பணியிடத்தில் கண்ட முறைகேட்டை வீட்டில் வந்து கூறினால், "உனக்கேன் இந்த வம்பு, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதே" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அமர்ந்து முழுவதும் கேளுங்கள். செலவானாலும் துணை நில்லுங்கள். எங்கோ ஓர் ஊரில் எழுத்தறியாத ஒரு தாய், தம் கையிலுள்ள சீட்டு உண்மை பேசுகிறது என்று நம்பி மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார். அவருக்காகப் பேசும் நெஞ்சுரம் நம் வீட்டில்தான் வளர வேண்டும்.