ஒரு கறுப்புப் பனியனின் பூர்வோத்தரம்

சென்ற ஆடி மாதத்தில், நீலகிரியின் எல்லமலையில் மூன்று வாரம் விடாமல் பெய்த மழை ஓய்ந்த ஒரு காலை வேளையில், என் தம்பி மகன் கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளை இழுத்துத் திறந்தபோது எழுந்த வாடைதான் என்னை இந்தத் தேடலில் இறக்கிவிட்டது. தப்பும் கித்தாரும் சேர்த்து வாசிக்கும் அவனுடைய இசைக்குழு, கச்சேரிக்கு வருகிறவர்களிடம் விற்பதற்காக வாங்கிய பனியன்கள் அவை. 200க்குக் குறைந்தால் அச்சடித்துத் தர இயலாது என்று கடைக்காரர் சொன்னதால் 200 வாங்கி, விற்றவை போக மிஞ்சிய 73ம், நெஞ்சில் தேயிலைக் கொழுந்துச் சித்திரத்தோடும் மடிப்புக்கு மடிப்பு பூத்திருந்த வெண்பூஞ்சணத்தோடும் கிடந்தன. கழுத்தில் தொங்கிய அட்டையிலோ, இயற்கைக்கு ஊறு செய்யாதது என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

"நல்ல பருத்தி, பெரியப்பா. மருந்தே அடிக்காமல் விளைந்தது" என்றான். அவனை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பச்சை எழுத்து என் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. காரணம் என் அக்கா. 1990களில் இங்கிருந்து திருப்பூருக்குப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனவள், பொங்கலுக்கு வரும்போதெல்லாம் ஒரு மூட்டை செகண்ட்ஸ் பனியனும், நொய்யல் ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடும் என்ற கதையும் கொண்டுவருவாள். பனியனைப் போட்டுக்கொண்டோம், கதையை நம்பவில்லை.

ஒரு பனியனின் மூலத்தை விசாரிப்பதென்றால் நீரிலிருந்து தொடங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. திருப்பூருக்குப் பவானி ஆற்றுநீரும் போகிறது; பவானிக்கு மாயாறு போகிறது; ஆகையால் எங்கள் லயத்தின் பின்னால் ஓடும் ஓடைதான் சாயம் கலந்து, துணியாகி, மறுபடி எங்கள் வீட்டுக் கட்டிலடிக்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று ஓர் அழகான சித்தாந்தத்தை மனத்துக்குள் கட்டிவிட்டேன். அதை ருசுப்படுத்துவதற்காக வரைபடமும் கையுமாகப் பத்து நாள் அலைந்தேன். கூடலூருக்கு அப்பால் விழும் மழை மாயாற்றுக்குப் போவது மெய்யே. ஆனால் எங்கள் எல்லமலை இருக்கும் ஓவேலியில் விழும் மழையோ பாண்டியாறாகி, புன்னம்புழையாகி, சாலியாற்றில் கலந்து, மேற்கே அரபிக் கடலுக்குப் போய்விடுகிறது. அதில் ஒரு சொட்டுகூடத் திருப்பூரைக் காண்பதில்லை. அந்த அலைச்சலில் கிடைத்த லாபம் ஒன்றே: 1847இல் நீலகிரியை அளந்த ஆக்டர்லோனி துரையின் குடும்பப் பெயரால் அமைந்த ஆக்டர்லோனி வேலி, நாளடைவில் தேய்ந்து, அந்தப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓவேலியாக நின்ற விருத்தாந்தத்தை என் தம்பி மகனுக்குச் சொல்ல முடிந்தது.

சித்தாந்தம் உடைந்த வருத்தத்தோடு திருப்பூருக்கு பஸ் ஏறினேன். அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில், நாற்பது வருஷம் சாயம் போட்டு ஓய்ந்த டையிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். நான் கொண்டுபோன பனியனைக் கையில் வாங்கி, உள்பக்கத்தைப் புரட்டி, தையலோரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாரே தவிர, இந்தப் பருத்தி எங்கே விளைந்திருக்கும் என்று நான் கேட்ட கேள்வியைக் காதிலேயே வாங்கவில்லை. மறுநாள் போய் மறுபடி கேட்டேன்.

"பஞ்சைப் பத்தி என்னத்தீங்க கேக்கறது? உப்பைக் கேளுங்க" என்றார்.

மூன்றாம் நாள் உப்பையே கேட்டேன். அதற்காகவே காத்திருந்தவர்போல, காலண்டர் தாளொன்றைக் கிழித்து அதன் பின்புறத்தில் கணக்குப் போட்டார். பருத்தித் துணியில் சாயம் ஏறவேண்டுமானால் நீரில் உப்புக் கரைக்கவேண்டும். நிறம் ஆழமாக ஆழமாக உப்பும் கூடும். கறுப்புக்கோ லிட்டருக்கு 80 கிராம். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர் என்று வைத்தால் 640 கிராம் உப்பு. 180 கிராம் எடையுள்ள இந்தப் பனியனுக்கு 115 கிராம். எழுதி முடித்ததும் உள்ளே போய், சமையல்கட்டு ஜாடியிலிருந்து இரண்டு கையாலும் கல்லுப்பை அள்ளிவந்து, அந்தக் கொழுந்துச் சித்திரத்தின்மேல் குவித்தார். சித்திரம் மறைந்துபோயிற்று.

"சாயம் பெரும்பாலும் துணியில ஒட்டிக்கும். உப்பு ஒட்டாதுங்க. அது அப்படியே வெளியே வந்துரும்."

வெளியே வந்த உப்பு எங்கே போயிற்று என்பதை நொய்யற்கரை விவசாயிகள் நன்கறிவார்கள். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு நீர் தேங்கும் குட்டையாகிவிட்டது, கிணறு உவர்ந்தது, தென்னை கருகியது. அவர்கள் தொடுத்த வழக்கின் முடிவாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பின்னர் திறந்த பட்டறைகள் கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, நீரையும் உப்புக் கரைசலையும் திரும்பப் பயன்படுத்துகின்றன. இது மகத்தான மாறுதல் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாஸ்டரும் அதை மறுக்கவில்லை. காய்ச்சிக் காய்ச்சி அடியில் மிஞ்சும் கலவை உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, "மிச்சம் எத்தனைங்க இருக்குது?" என்று கேட்டார்.

உப்பைக் கேட்கிறார் என்றே நினைத்தேன். பனியனைக் கேட்டிருக்கிறார். 73 என்றேன். காலண்டர் தாளில் பெருக்கினார். "எட்டுக் கிலோவுக்கு மேல உப்புங்க. ஒருத்தரும் போடாத துணிக்கு."

அதுவரையில் பருத்தியையும் நீரையும் துரத்திக்கொண்டிருந்த என் விசாரணை அந்த இடத்தில் திசை திரும்பிற்று. கோல்ட்ப்ளே என்னும் ஆங்கிலேய இசைக்குழு, 2024இல் வெளியிட்ட தன் இசைத்தட்டு ஒவ்வொன்றையும் 9 பழைய பிளாஸ்டிக் புட்டிகளை உருக்கிச் செய்தது என்று தம்பி மகன் பரவசத்தோடு சொன்னதுண்டு, நானும் மகிழ்ந்தேன். ஆனால் எதனால் செய்தது என்ற கேள்விக்கு முன்னால், எத்தனை செய்வது என்ற கேள்வி நிற்கிறது. எங்கள் கட்டிலடியில் பூத்தது அந்தக் கேள்விதான்.

அன்று மாலையே மாஸ்டர் என்னைக் காதர்பேட்டைக்கு அழைத்துப்போனார். வெளிநாட்டுக்கென்று தைத்து, தையல் கோணியதாலும் அளவு தவறியதாலும் நின்றுபோன பனியன்கள் அங்கே குவியல் குவியலாக விற்கின்றன. உப்பெல்லாம் ஏற்கனவே செலவழிந்த துணி. புதிதாக ஒரு கைப்பிடி உப்பும் வேண்டாம். இருபதே வாங்கினோம். கனமான ரப்பர் பிரிண்ட் நாலு சலவையில் வெடித்து உரியும், நீரை அடிப்படையாகக் கொண்ட மையே போதும் என்று சொல்லி, சட்டமும் வலையும் எங்கே கிடைக்கும் என்பதையும் எழுதிக் கொடுத்தார்.

ஆரோட்டுப்பாறைத் திருவிழாவில் நடந்த அடுத்த கச்சேரியில், மேடையோரம் ஒரு பெஞ்சின்மேல் அச்சுச் சட்டத்தை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து பழைய பனியன் கொண்டுவருகிறவர்களுக்கு அதிலேயே கொழுந்துச் சித்திரத்தை அடித்துத் தருவதாக என் தம்பி மகன் அறிவித்தான். காதர்பேட்டைச் சரக்கு, கொண்டுவராதவர்களுக்கு. கறுப்புப் பனியன்களில் பூஞ்சணம் துவைத்துப் போனவற்றைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். போகாதவை தப்புகளுக்கு உறையாயின. பனியிறங்கும் இரவுகளில் தோல் நமத்துப்போகாமல் காக்க, இரண்டு பனியன் சேர்த்துத் தைத்த உறை நன்றாகவே உதவுகிறது.

வரிசையில் முதலில் நின்றவள் அக்கா. திருவிழாவுக்கு வந்தவள், எங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து, தான் என்றோ கொண்டுவந்து போட்ட ஒரு செகண்ட்ஸ் பனியனைத் தேடி எடுத்திருந்தாள். அது நீலமாக இருந்தது என்று அவள் சொன்னாள். எனக்குச் சாம்பலாகத்தான் தெரிந்தது. இடது கை கோணலாகத் தைத்திருந்தது. பெஞ்சின்மேல் அதை விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, "கோணல் பக்கமாகவே அடிடா" என்றாள்.