கழிமுகத்திற்கு ஒரு மிதிவண்டிப் பயணம்

மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றும், சித்திரை பிறந்த பின்னரே இளவேனில் என்றும் நம் முன்னோர் பருவங்களை வகுத்து வைத்தனர். ஆயினும் சென்னைக்கு வடக்கேயுள்ள கடலோரத்தில் இளவேனில் பஞ்சாங்கத்திற்காகக் காத்திருப்பதில்லை. மாசி முடியுமுன்னரே புங்க மரம் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு இளந்தளிர் விடுகிறது. வேம்பு பூவெடுக்க ஆயத்தமாகிறது. விடியற்காலையில் இலேசான பனி. ஏழு மணிக்கெல்லாம் கடற்காற்று. ஒன்பது மணிக்கு மேல் வெயில். இந்த இரண்டு மூன்று மணி நேரத்தைப் போல் மிதிவண்டிப் பயணத்திற்கு உகந்த பொழுது வேறில்லை. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை காலையில், கத்திவாக்கம் இரயில் நிலையத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை சென்று வந்தேன்.

கத்திவாக்கம் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது புகைபோக்கிகள்தாம். ஆனால் ஊரோ மிகப் பழையது. 1708-ஆம் ஆண்டில் நவாபு தாவூது கான் ஆங்கிலக் கம்பெனிக்கு அளித்த ஐந்து ஊர்களில், திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. தனி நகராட்சியாக விளங்கிய இவ்வூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. ஆவணத்தில் மாநகரமாகிவிட்டது. மிதிவண்டியில் செல்பவனுக்கோ, கடலுக்கும் கழிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் சிற்றூர்களின் தொடராகவே இன்றும் தோன்றுகிறது.

நிலையத்திலிருந்து முகத்துவாரம் நான்கைந்து கிலோமீட்டர் தொலைவுதான். புறப்பட்டதும் சற்று மனம் தளரும். துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெயினர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் பெருஞ்சாலை அது. அதனை அவற்றிற்கே விட்டுவிட வேண்டும். ஊருக்குள் புகுந்து குப்பங்களின் வழியே வடக்கு நோக்கித் திரும்பினால் பயணத்தின் தன்மையே மாறிவிடுகிறது. இரைச்சல் பின்னடைந்து, அலையோசை முன்வருகிறது.

பெரியகுப்பம், சின்னகுப்பம், எண்ணூர்க் குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக் குப்பம் என்று இப்பக்கத்து ஊர்களின் பெயர்களைச் சொல்லும்போதே ஓர் இசை பிறக்கிறது. ஒருபுறம் வீடுகள், மறுபுறம் கரையேற்றிய படகுகளும் உலரும் வலைகளும். பாதை சில இடங்களில் சிமென்ட். சில இடங்களில் வெறும் மணல். மணல் வந்ததும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். தள்ளும்போதுதான் பல காட்சிகள் கண்ணில் படுகின்றன: திண்ணையில் அமர்ந்து வலையின் கிழிசலைத் தைக்கும் கைகள், ஏலம் முடிந்து கூடையோடு பேருந்துக்கு விரையும் பெண்கள், பின்னிருக்கையில் தம்பியை ஏற்றிக்கொண்டு தம்மினும் பெரிய மிதிவண்டியைக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டும் சிறுவர்கள்.

இந்தக் கடற்கரைக்கு இப்பருவத்தில் ஒரு விருந்தாளி உண்டு. தை முதல் பங்குனி வரை நள்ளிரவில் கரையேறி, மணலைத் தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும் ஆமை அது. வருகின்ற மாதத்தின் பெயராலேயே அதனைப் பங்குனி ஆமை என்று மீனவர் அழைக்கின்றனர். 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தாழங்குப்பத்தைக் கடந்ததும் முகத்துவாரம் விரிகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் ஏரிகள் சிலவற்றை நிரப்பிவரும் கொசஸ்தலை ஆறு இங்கேதான் கடலைச் சேர்கிறது. மேற்கே ஆற்றை ஊடறுத்து வடக்கே செல்கிறது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய உப்புநீர்க் கால்வாயே அதன் முதற்பகுதி. பிற்காலத்தில் அது ஆந்திரம் வரை நீட்டப்பட்டது. நகரத்து அடுப்புகளுக்கு விறகும், சந்தைகளுக்கு உப்பும் சுமந்த படகுகள் இவ்வழியே சென்றன.

கழியின் ஓரத்தில் அலையாத்திச் செடிகள். சேற்றுத் திட்டுகளில் உமரி. பவளக்கால் உள்ளான் தன் நெடிய செங்கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. வலசை வந்த பறவைகள் வடதிசைக்குத் திரும்பும் காலம் இது. இடுப்பளவு நீரில் சிலர் குனிந்து, வலையின்றி, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர்.

கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தக் கம்பெனி தம்பி?” என்று கேட்டார்.

“கம்பெனி எதுவும் இல்லை ஐயா. ஆற்றைப் பார்க்க வந்தேன்” என்றேன்.

“ஆத்தைப் பாக்கவா?” என்று சற்று வியந்தவர், “நல்லாப் பாருங்க. கரையை அளக்க வர்றாங்க, தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுப் போக வர்றாங்க. சும்மா பாக்க யாரு வர்றாங்க?” என்றார்.

அவருடைய கேள்வியில் அரை நூற்றாண்டின் வரலாறு அடங்கியிருக்கிறது. 1970-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட் வரை வளர்ந்து, நம் வீட்டு விளக்குகளை எரித்து, 2017-இல் மூடப்பட்டது. கழிக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001-இல் துறைமுகம் வந்தது. சாம்பற் குழாய்கள் கசிந்து ஆற்றின் ஆழத்தைத் தூர்த்தன. 2017 சனவரியில் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெய் கரையெங்கும் படிந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழியை மூடியது. படகுகள் கறுத்தன, கூழைக்கடாக்களின் வெண்சிறகுகளும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் நாள், ஆழிப்பேரலையின் நினைவு நாளன்று, நள்ளிரவில் பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறங்கிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருளில் ஓடினர்.

இப்போது கழியின் அடியில் ‘காக்கா ஆழி’ என்னும் சிப்பி பாய் விரித்தாற்போல் பரவியிருக்கிறது. தென் அமெரிக்கக் கடலோரத்திற்குரியது. கப்பல்களோடு வந்ததாகக் கருதப்படுகிறது. அது மூடிய சேற்றில் இறால் தங்க இயலாது. கையால் துழாவுகிறவர்களின் விரல்களையும் அதன் ஓடு கிழித்துவிடுகிறது.

இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவையே. நாமும் படித்தோம்; மறந்தோம். காரணம், நாம் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். கும்மிடிப்பூண்டி இரயில் ஆற்றுப் பாலத்தை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தாண்டிவிடும். மிதிவண்டியோ அவ்வாறு தாண்டவிடாது. கருவாட்டின் மணம், நிலக்கரித் தூசின் நெடி, கழிச்சேற்றின் வாசனை என்று ஒவ்வொன்றையும் மூச்சுக்குள் இழுத்தே முன்செல்ல வேண்டும். இங்கு வாழ்வோர் நாள்தோறும் இழுக்கும் மூச்சு அதுவே அன்றோ!

நான் சென்ற பாதையும், வலை உலர்ந்த மணலும், இறால் துழாவிய சேறும் பெரும்பாலும் அரசுப் பதிவேட்டில் ‘புறம்போக்கு’ எனப்படுவன. வரி விதிப்புக்குப் புறம்பாக, ஊரார் அனைவரின் பயனுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் என்பது அச்சொல்லின் பொருள். அதனை நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். எவருக்கும் உரிமையில்லாதது என்று எண்ணியதால், எதனையும் கொட்டலாம் என்றாயிற்று. இக்கழியைக் குறித்தே 2017-இல் டி. எம். கிருஷ்ணா ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ பாடி, அச்சொல்லுக்கு அதன் மதிப்பை மீட்டுத்தர முயன்றார். எல்லாருக்கும் உரியது என்றால், காக்கும் கடமையும் எல்லாருக்கும் உண்டு.

ஆகவே, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிந்ததும் பிள்ளைகளை மலைவாசத்தலத்திற்கு அழைத்துச் செல்லத் திட்டமிடுகிறோம். அதற்கு முன் ஒரு காலைப்பொழுது இந்த முகத்துவாரத்திற்கு அவர்களோடு மிதிவண்டியில் வாருங்கள். ஆறு மணிக்குள் புறப்படுங்கள், குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள், பெருஞ்சாலையைத் தவிருங்கள். கரையில் நண்டு விற்கும் தாயிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். வீடு திரும்பியதும் சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். உப்புக் காற்று இரும்பை விரைவில் அரித்துவிடும். அன்று மாலை விளக்கைப் போடும்போது, அந்த வெளிச்சம் எந்த ஆற்றங்கரையைக் கடந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் கேட்டால் விடை சொல்லுங்கள்.